எல்லாவற்றையும் 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 61 வயது. இரண்டு மாதமாக மாலையானால் இடது கண் இமை இறங்கிவிடுகிறது. சில நாள் பார்வை இரண்டிரண்டாகத் தெரிகிறது. இரவுச் சாப்பாட்டில் பாதித் தட்டு காலியாவதற்குள் தாடை ஓய்ந்து மெல்ல முடியாமல் போகிறது. காலையில் எழுந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கிறார். பலதுறை மருந்தக மருத்துவர் 'நியூரோமஸ்குலர்' நோயாக இருக்கலாம் என்று எழுதி நரம்பியல் நிபுணரிடம் அனுப்பியிருக்கிறார். இணையத்தில் தேடினால் சக்கர நாற்காலியும் செயற்கைச் சுவாசக் கருவியுமாக வருகிறது. அத்தையோ இது வெறும் நரம்புத் தளர்ச்சி, எண்ணெய் தேய்த்து உருவினால் போய்விடும் என்கிறார். இது என்ன நோய், மருந்து இருக்கிறதா, எனக்கும் வருமா என்று மூன்று கேள்விகள்.

நான் மருத்துவர் இல்லை. சிங்கப்பூரில் நரம்பியல் வார்டுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தாதியாக இருந்தவள். அம்மாவைப் பார்க்காமல் இன்ன நோய்தான் என்று நான் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்குப் பயத்தைவிட நம்பிக்கைதான் அதிகம் வந்தது. அது ஏன் என்று சொல்ல, முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசவேண்டும்.

தமிழில் நாம் 'நரம்பு' என்பதை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் பாருங்கள். ரத்தக் குழாயில் போடுவது நரம்பு ஊசி. காலில் புடைத்துத் தெரிவது நரம்பு. குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணும் நரம்பு. மூளையின் கட்டளையைச் சுமப்பதும் நரம்பு. இது போதாதென்று 'நரம்புத் தளர்ச்சி' என்ற பெயரில் களைப்பு, கை நடுக்கம், ஆண்மைக் குறைவு என எல்லாவற்றுக்கும் லேகியம் விற்கிறார்கள். வார்டில் என்னிடம் "நரம்பு வீக் சிஸ்டர்" என்று சொன்னவர்களில் ஒருவருக்கு முதுகெலும்பில் அழுத்தம், இன்னொருவருக்குத் தைராய்டு, மற்றொருவருக்குத் தசைநோய். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் பெயரைச் சரியாகக் கண்டுபிடிப்பதுதான் இந்த நோய்களில் பாதி வைத்தியம்.

ஒரு விரலை அசைக்க வேண்டுமென்றால் மூளையின் கட்டளை முதுகுத்தண்டுக்கு இறங்குகிறது. அங்கே இருக்கும் நரம்பணு அதை வாங்கிக்கொள்கிறது. அதிலிருந்து புறப்படும் நீண்ட நரம்பிழை தசை வரை போகிறது. ஆனால் தசையைத் தொடுவதில்லை. நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அதைத் தாண்டினால் தசை. நரம்பணு, நரம்பிழை, இடைவெளி, தசை என்ற இந்த நான்கு இடங்களில் எங்கே பழுது வந்தாலும் அதுதான் உங்கள் மருத்துவர் எழுதிய 'நியூரோமஸ்குலர்', அதாவது நரம்புத்தசை நோய். பக்கவாதம் இதில் சேராது, அது மூளையில் நடப்பது. ஆனால் வாய் கோணுவது, ஒரு பக்கக் கை விழுவது, பேச்சு குழறுவது எல்லாம் திடீரென்று வந்தால் யோசித்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்க வேண்டும்.

உங்கள் அம்மாவின் கதை எனக்கு அந்த இடைவெளியைத்தான் நினைவூட்டுகிறது. அங்கே நடப்பதை நான் ஆற்றைக் கடப்பதுபோல் சொல்வது வழக்கம். நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் ஆயிரக்கணக்கான ஓடங்களாகப் புறப்படுகிறது. எதிர்க்கரையில், அதாவது தசையின் மேல், அவை அணைய படித்துறைகள் இருக்கின்றன. போதுமான ஓடங்கள் அணைந்தால் தசை சுருங்கும். வேலை முடிந்ததும் ஒரு நொதி வந்து ஓடங்களைக் கலைத்துவிடும். மையஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயில், உடம்பு தானே உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் அந்தப் படித்துறைகளை அடைத்தும் இடித்தும் விடுகின்றன. காலையில் ஓய்வெடுத்த நரம்பு நிறைய ஓடங்களை அனுப்புவதால் மிச்சமிருக்கும் துறைகளே போதும். ஒரே தசை திரும்பத் திரும்ப வேலை செய்யச் செய்ய ஓடங்கள் குறைகின்றன, அப்போது போதாமல் போகிறது. அதனால்தான் மாலையில் இமை இறங்குகிறது, சாப்பாட்டின் நடுவில் தாடை ஓய்கிறது, ஓய்வெடுத்தால் திரும்பி வருகிறது. மரத்துப்போவதோ எரிச்சலோ இருக்காது, ஏனென்றால் உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்புக்கு இதில் சம்பந்தமில்லை.

இந்த நோய்க்கு மருந்து வந்த கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. 1934-ல் லண்டன் கிரீனிச்சில் ஒரு மருத்துவமனையில் மேரி வாக்கர் என்ற இளநிலை மருத்துவர், இந்த நோயாளிகளின் நிலை குராரே என்ற அம்பு விஷம் ஏறியவர்களைப்போல் இருப்பதைக் கவனித்தார். அந்த விஷத்துக்கு முறிவாக பைசோஸ்டிக்மின் இருந்தது. அதையே ஊசியாகப் போட்டுப் பார்த்தார். தொங்கிய இமை சிறிது நேரத்தில் மேலேறியது. ஓடங்களைக் கலைக்கும் நொதியை அந்த மருந்து தடுத்துவைக்கிறது. ஓடங்கள் அதிக நேரம் மிதந்து, மிச்சமிருக்கும் துறையைத் தேடி அணைகின்றன. இன்று அம்மாவுக்கு மையஸ்தீனியா என்று உறுதியானால் முதலில் தரக்கூடிய பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அந்த வழியில் வந்ததுதான். மெஸ்டினான் என்ற பெயரில் பார்ப்பீர்கள். விழுங்கி அரை மணி, முக்கால் மணியில் வேலை செய்யும், மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். வயிற்றைக் கலக்குவதும் எச்சில் ஊறுவதும் அதன் வழக்கமான தொந்தரவுகள்.

ஆனால் அது அறிகுறியைத்தான் தணிக்கும், படித்துறையை இடிப்பவர்களைத் தடுக்காது. அதற்கு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, அசத்தையோப்ரின், மைக்கோபீனோலேட், சிலருக்கு ரிட்டுக்ஸிமாப். ஸ்டீராய்டு தொடங்கிய முதல் சில வாரங்களில் பலவீனம் கொஞ்சம் கூடலாம். இதைச் சொல்லாமல் விட்டால் குடும்பம் பயந்து மருந்தை நிறுத்திவிடும், அப்படி நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அசத்தையோப்ரின் முழுப் பலன் தர மாதக்கணக்கில் ஆகும். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. மையஸ்தீனியா உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பேருக்கு அதில் கட்டி இருக்கும், அதனால்தான் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். கட்டி இருந்தால் அறுவை சிகிச்சை. கட்டி இல்லாத சிலருக்கும் சுரப்பியை எடுப்பது பலன் தருகிறது என்பதை 2016-ல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. எதிர்ப்பொருள்களையே உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றும் எஃப்கார்ட்டிஜிமோட் போன்ற ஊசிமருந்துகளும் இப்போது வந்துவிட்டன. அமெரிக்காவில் 2021-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. என் அனுபவத்தில் சரியான மருந்தில் இருக்கும் மையஸ்தீனியா நோயாளிகள் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருகிறார்கள். நீங்கள் இணையத்தில் பார்த்த சக்கர நாற்காலி இவர்களுடையது இல்லை.

பயப்பட வேண்டிய இடமும் இருக்கிறது, அதை மழுப்பமாட்டேன். விழுங்கும் தசையும் மூச்சுத் தசையும் ஓய்ந்துபோகும் நிலையை மையஸ்தீனியா நெருக்கடி என்பார்கள். தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறுவது, பேச்சு மூக்கால் வருவது, தலையை நிமிர்த்திப் பிடிக்க முடியாமல் கையால் தாங்குவது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, ஒரே மூச்சில் இருபது வரை எண்ண முடியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும், அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 97 காட்டுகிறது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். மூச்சுத் தசை ஓயும்போது அந்த எண் கடைசியில்தான் இறங்கும். மருத்துவமனையில் இம்யூனோகுளோபுலின் சொட்டு மருந்தோ பிளாஸ்மா மாற்றமோ செய்வார்கள். தேவைப்பட்டால் சில நாள் சுவாசக் கருவி. அதிலிருந்து எழுந்து நடந்து வீட்டுக்குப் போனவர்களை நான் வழியனுப்பியிருக்கிறேன்.

நெருக்கடியைக் கொண்டுவருவது பெரும்பாலும் சளிக் காய்ச்சல் போன்ற தொற்றும், தெரியாமல் எடுக்கும் மருந்தும்தான். சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின், அஸித்ரோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள், மெக்னீசியம் ஊசி, குவினைன், முகச்சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் எல்லாம் அந்த இடைவெளியில் இன்னும் இடைஞ்சல் செய்யும். கால் பிடிப்புக்கு என்று கடையில் மெக்னீசியம் மாத்திரை வாங்குவதற்கு முன்பும் கேளுங்கள். அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் கிளினிக்கில் இருமலுக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், நோயின் பெயரை முதலில் சொல்ல அம்மாவைப் பழக்குங்கள்.

நிபுணர் என்ன செய்து கண்டுபிடிப்பார்? மேலே பார்க்கச் சொல்லி இமை சோர்கிறதா என்று பார்ப்பார். இமையின் மேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்தால் இமை உயர்கிறதா என்றும் பார்க்கலாம், எளிய சோதனைதான். குளிர்ச்சியில் அந்த நொதி மந்தமாகும், அதே காரணத்தால்தான் நம் ஊர் மதிய வெயிலில் தேக்கா சந்தைக்குப் போய் வந்தால் இவர்கள் துவண்டுபோகிறார்கள். அப்புறம் ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை. உடம்பு முழுக்கப் பரவிய நோயில் சுமார் 85 விழுக்காட்டினருக்கு அது தெரியும், கண்ணோடு நிற்பவர்களில் பாதிப் பேருக்குத்தான் தெரியும். ஆகவே சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால் நோய் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. நரம்பைத் திரும்பத் திரும்ப மின்சாரத்தால் தூண்டிப் பார்க்கும் சோதனை கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், ஆபத்தில்லை.

மற்ற மூன்று இடங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேடும்போது எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்திருக்கும்.

நரம்பிழையில் வரும் நோய்களில் அதிகம் கேள்விப்படுவது கில்லன் பாரே. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து போனபின், பாதத்தில் மரமரப்பு தொடங்கி நாள்கணக்கில் கால், கை என்று பலவீனம் மேலே ஏறும். இது அவசரம். இம்யூனோகுளோபுலின் அல்லது பிளாஸ்மா மாற்றம் கொடுத்தால் பெரும்பாலோர் மீண்டும் நடக்கிறார்கள், ஆனால் மாதக்கணக்கில் இயன்முறைப் பயிற்சி தேவைப்படும். இதில் ஸ்டீராய்டு உதவாது. இதைச் சுருக்கமாக ஜிபிஎஸ் என்பார்கள். 2015-ல் இங்கே பச்சை மீன் சாப்பிட்டு நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டபோது செய்தியில் வந்ததும் ஜிபிஎஸ்தான், ஆனால் அது 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற கிருமியின் சுருக்கப் பெயர். இரண்டையும் குழப்பிக்கொண்டு பயந்தவர்கள் நிறைய.

நரம்பணுவே அழிவது ஏஎல்எஸ் எனப்படும் நோய். இங்கே நான் இனிப்பாகப் பேசமுடியாது. இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ரிலுசோல் 1995 முதல் இருக்கிறது, சில மாதங்கள் நீட்டித் தரும். எஸ்ஓடி1 மரபணுக் கோளாறால் வரும் சிறு பிரிவினருக்கு 2023-ல் அமெரிக்காவில் டோஃபர்சென் அனுமதிக்கப்பட்டது. ஆனாலும் இரவில் முகமூடி வழி சுவாச உதவி, வயிற்றுக் குழாய் வழி உணவு, கண் அசைவால் பேசும் கருவி என்று வாழ்நாளைக் கூட்டவும் வலியைக் குறைக்கவும் வழிகள் இருக்கின்றன. நோய்த்தணிப்புப் பராமரிப்புக் குழுவைக் கடைசி வாரத்தில் கூப்பிடாமல் முதலிலேயே கூப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் அம்மாவின் ஏற்ற இறக்கம் இந்த நோயின் குணமில்லை. இது காலையில் சரியாகி மாலையில் வராது, ஒரே திசையில்தான் போகும்.

ஆனால் நரம்பணு நோய் எல்லாமே ஏஎல்எஸ் இல்லை. 1970-ல் சென்னை மருத்துவர்கள் விவரித்த 'மதராஸ் வகை' என்று ஒன்று மருத்துவ நூல்களில் இருக்கிறது. இளம் வயதில் முகமும் கைகாலும் மெலிந்து, காதும் மந்தமாகும், ஆனால் பல ஆண்டுகள் மெதுவாக நகரும். ஹிராயாமா நோயில் பதின்ம வயதுப் பையன்களுக்கு ஒரு கை மட்டும் மெலியும், சில ஆண்டுகளில் தானே நின்றுவிடும், கழுத்துப் பட்டை பலருக்கு உதவும். தேசிய சேவைக்குப் போகும் வயதில் ஒரு கை மெலிந்தால் 'சரியாகச் சாப்பிடுவதில்லை' என்று விட்டுவிடக் கூடாது.

குழந்தைகளுக்கு வரும் முதுகுத்தண்டுத் தசை நலிவான எஸ்எம்ஏவும் நரம்பணு நோய்தான். என் பணிக்காலத்திலேயே உலகம் மாறியதை இதில் பார்த்தேன். கடுமையான வகையில் பிறந்த குழந்தை இரண்டு வயதைத் தாண்டுவதே அரிது என்று சொல்லிவந்தோம். 2016 இறுதியில் நுசினெர்சென், 2019-ல் ஒரே ஒரு தடவை போடும் மரபணு மருந்து, 2020-ல் வாய்வழி ரிஸ்டிப்லாம் என்று மூன்றும் அடுத்தடுத்து அமெரிக்காவில் அனுமதி பெற்றன. சீக்கிரம் தொடங்கிய குழந்தைகள் உட்கார்கிறார்கள், சிலர் நடக்கிறார்கள். விலைதான் மலைக்க வைக்கும். 2021-ல் இங்கே ஒரு குழந்தையின் மரபணு மருந்துக்காகப் பொதுமக்கள் சில நாட்களில் 2 மில்லியன் வெள்ளிக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். அந்த வாரம் வார்டில் வேறு பேச்சே இல்லை.

நான்காவது இடம், தசை. டூஷேன் தசைச்சிதைவு ஆண்பிள்ளைகளுக்கு வருவது. மூன்று, நான்கு வயதில் படி ஏறத் திணறுவான், தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஏறி எழுவான், கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கும். ஒரு விஷயம் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி, ஏஎஸ்டி கூடியிருப்பதைப் பார்த்து ஈரல் கோளாறு என்று மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் உண்டு. அந்த நொதிகள் தசையிலும் இருக்கின்றன. சிகே என்ற ஒரே ஒரு சோதனை சேர்த்துச் செய்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். ஸ்டீராய்டு அவர்கள் நடக்கும் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டுகிறது. இதயத்தையும் முதுகு வளைவையும் முன்கூட்டியே கவனிப்பதால் இன்று அவர்களில் பலர் இருபதுகளைத் தாண்டி வாழ்கிறார்கள்.

பெரியவர்களுக்கு வரும் தசைப் பலவீனத்தில் எளிதாகத் தீர்பவையும் இருக்கின்றன. கொழுப்புக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சிலருக்குத் தசையைத் தாக்கும். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் ஆசிய ஆண்கள் சிலர் இரவு வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்கி, காலையில் கால்களை அசைக்க முடியாமல் விழிப்பார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருக்கும். அதைச் சரிசெய்து தைராய்டையும் கட்டுப்படுத்தினால் திரும்ப வராது.

சரி, அத்தை சொன்ன எண்ணெய். அத்தையோடு சண்டை வேண்டாம். இதமாக எண்ணெய் தேய்ப்பதால் கெடுதல் இல்லை, உடம்புக்குச் சுகமாக இருக்கும். ஆனால் எதிர்ப்பொருளை எண்ணெய் எட்டாது. அதோடு கொடுக்கும் பெயர் ஒட்டாத பொடியும் உருண்டையும்தான் எனக்குக் கவலை. அப்படி விற்கப்படும் சில பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. சாப்பிட்டதும் தெம்பு வந்ததுபோல் இருக்கும், சோதனை முடிவுகளைக் குழப்பும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அம்மா ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் டப்பாவோடு மருத்துவரிடம் கொண்டுபோங்கள், யாரும் திட்டமாட்டார்கள்.

உங்களுக்கும் வருமா? மையஸ்தீனியா ஒட்டுவதும் இல்லை, பரம்பரையாக நேரே இறங்குவதும் இல்லை. குடும்பத்தில் தைராய்டு, மூட்டுவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள் சேர்ந்து காணப்படலாம், அவ்வளவுதான். எஸ்எம்ஏ வேறு மாதிரி. தாய், தந்தை இருவரும் அந்த மரபணுக் கோளாற்றைச் சுமந்தால்தான் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டும் நம் குடும்பங்களில் இந்த மாதிரி நோய்களின் வாய்ப்பு கூடுகிறது. டூஷேன் அப்படியில்லை, அம்மா வழியாக மகனுக்கு வருவது. மூன்றில் ஒரு பங்கு பையன்களுக்கு அம்மாவிடமும் கோளாறு இருக்காது, புதிதாகவே நேரும். "உன் வம்சத்தால் வந்தது" என்று மருமகளைக் குத்தும் பேச்சை நான் எத்தனையோ முறை படுக்கையருகே நின்று கேட்டிருக்கிறேன். மரபணு ஆலோசனைக்கு மாமியாரையும் கூட்டிப்போங்கள் என்று அதனால்தான் சொல்வேன்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். பலதுறை மருந்தகப் பரிந்துரையோடு போவதால் நிபுணரிடம் மானியக் கட்டணம் கிடைக்கும், அந்தக் கடிதத்தை விட்டுவிட்டு அவசரப்பட்டுத் தனியாரிடம் போகாதீர்கள். தேசிய நரம்பியல் கழகம் டான் டொக் செங் வளாகத்திலும் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வளாகத்திலும் இருக்கிறது. முதல் வருகையிலேயே மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். மருத்துவச் சேமிப்பான மெடிசேவ், காப்புறுதியான மெடிஷீல்ட் லைஃப், அதுவும் போதாவிட்டால் உதவி நிதியான மெடிஃபண்ட் என்று வழி காட்டுவது அவர்கள் வேலை. அம்மாவின் வயதுக்காரர்கள் பலருக்கு எல்டர்ஷீல்ட் என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி இருக்கும், அதன் ஆவணத்தைத் தேடி வையுங்கள். தசைச்சிதைவு உள்ள குடும்பங்களுக்கு 2000-ல் தொடங்கிய சிங்கப்பூர் தசைச்சிதைவுச் சங்கம் இருக்கிறது.

அப்பாயின்ட்மென்ட் வரும்வரை சில வேலைகள். கடினமான சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றுங்கள், இரவுக்குக் குழைந்த சாதமோ கஞ்சியோ போதும், மட்டன் வறுவல் வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும், சாப்பிடும்போது பேச்சு வேண்டாம். இரட்டைப் பார்வை இருக்கும் நேரத்தில் தனியாகச் சாலையைக் கடக்க விடாதீர்கள். அப்புறம் உங்கள் கைப்பேசியில் அம்மாவின் முகத்தைக் காலை ஏழு மணிக்கு ஒரு முறை, இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு முறை காணொளி எடுங்கள். நேரே பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொல்லுங்கள், ஒன்றிலிருந்து ஐம்பது வரை சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். நிபுணரைப் பார்ப்பது பெரும்பாலும் காலையில்தான், அந்த நேரத்தில் அம்மாவுக்கு இமை நன்றாகத் திறந்திருக்கும். அந்த இரண்டு காணொளிகளையும் அடுத்தடுத்து அவரிடம் போட்டுக் காட்டுங்கள்.